1,946 பேருக்கு ஜாமீன் நின்றவர்
செருப்பு தைத்த ஜான் அகஸ்டஸ் வாழ்க்கைக் கதை

1841-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். ஒரு நாள் காலை.

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரத்துப் போலீஸ் கோர்ட்டில் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. லாக்கப் அறையின் கதவு திறந்தது. ஒரு போலீஸ் அதிகாரி உள்ளே வந்தார். அவர் பின்னால் ஒரு மனிதன் வந்தான்.

உடம்பில் கந்தல் துணி. பார்க்கவே பரிதாபமான தோற்றம். கைதிகளுக்கு என்று போடப்பட்டிருந்த பெஞ்சில் அவன் உட்கார்ந்தான்.

குமாஸ்தா எழுந்து குற்றச்சாட்டைப் படித்தார். இவன் ஓயாத குடிகாரன் என்பதுதான் குற்றம். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அது சட்டப்படி குற்றம். சாட்சியம் தெளிவாக இருந்தது. தண்டனை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தண்டனை என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும். திருத்தச் சிறை என்று ஒரு ஜெயில் இருந்தது. குடிகாரர்களை அங்கேதான் அனுப்புவார்கள்.

அப்போது கோர்ட்டில் இருந்த ஒருவர் எழுந்து அந்தக் குடிகாரன் அருகில் போனார். அவனோடு சில நிமிடம் மெதுவாகப் பேசினார். சிறைக்குப் போகாமல் என்னைக் காப்பாற்றினால் இனி ஆயுள் முழுவதும் குடியைத் தொட மாட்டேன் என்று அவன் சொன்னான்.

குடிகாரன் பேச்சை யார் நம்புவார்கள்?

அவர் நம்பினார். நீதிபதியிடம் அனுமதி கேட்டார். அந்த மனிதனுக்குத் தானே ஜாமீன் நிற்பதாகச் சொன்னார். நீதிபதி சம்மதித்தார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்து தீர்ப்பைக் கேட்க வேண்டும் என்று வாய்தா போட்டார்.

ஜாமீன் நின்றவர் வக்கீல் அல்ல. பணக்காரரும் அல்ல. பாதிரியாரும் அல்ல. கோர்ட்டுக்குப் பக்கத்தில் பூட்ஸ் தைத்து விற்றுக்கொண்டிருந்த தொழிலாளி. அவர் பெயர் ஜான் அகஸ்டஸ்.

அன்று அவர் செய்த காரியம் பின்னால் ஒரு சட்டமாயிற்று. கடல் கடந்து பல நாடுகளுக்குப் போயிற்று. நம் நாட்டுக்கும் வந்தது.

தோலும் ஊசியும்

ஜான் அகஸ்டஸ் 1785-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஊபர்ன் அவர் பிறந்த ஊர்.

வாலிப வயதில் பக்கத்தில் உள்ள லெக்சிங்டன் என்ற ஊருக்குக் குடிபோனார். அமெரிக்க சுதந்திரப் போரின் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஊர் அது. அங்கே தம் வீட்டின் ஒரு பகுதியையே பட்டறையாக்கி, செருப்பும் பூட்சும் தைத்து விற்றார். தொழில் நன்றாக நடந்தது.

1820-களின் கடைசியில் பாஸ்டன் நகரத்துக்கு வந்தார். அங்கும் அதே தொழில். அவருடைய கடை போலீஸ் கோர்ட்டுக்கு மிக அருகில் அமைந்தது.

பாஸ்டன் அப்போது வேகமாக வளர்ந்த துறைமுக நகரம். 1840-ல் அதன் ஜனத்தொகை 93 ஆயிரம். வேலை தேடி வந்தவர்கள், கப்பலில் வந்து இறங்கியவர்கள், பிழைக்க வழி தெரியாதவர்கள் எல்லோரும் அங்கே குவிந்தார்கள். வறுமை ஒரு பக்கம். குடி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்த இடத்தில் போலீசும் கோர்ட்டும் வந்துவிடும் அல்லவா?

குடிகாரர்களே தொடங்கிய சங்கம்

1840-ம் ஆண்டு பால்டிமோர் என்ற நகரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. சாராயக் கடையில் கூடிக் குடிக்கும் நண்பர்கள் ஆறு பேர், இனிமேல் குடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கள் நாட்டின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் பெயரை அதற்கு வைத்தார்கள்.

குடிகாரனைத் திட்டுவதும் விரட்டுவதும் அந்தச் சங்கத்தின் வழக்கம் அல்ல. ஏற்கெனவே குடித்துத் திருந்தியவன், இன்னும் குடிப்பவனைத் தேடிப் போவான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவான். மதுவைத் தொடுவதில்லை என்று கையெழுத்து வாங்குவான். அதன் பிறகு அவனைத் தனியே விட்டுவிட மாட்டான்.

இந்த இயக்கம் காட்டுத் தீ போலப் பரவியது. அடுத்த ஆண்டே பாஸ்டனுக்கும் வந்தது. ஜான் அகஸ்டஸ் அதில் சேர்ந்தார்.

அந்த எண்ணத்தோடுதான் அவர் கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே அவர் கண்ட காட்சி அவர் மனதை வாட்டியது.

குடித்தவனைப் பிடிக்கிறார்கள். ஜெயிலில் போடுகிறார்கள். அவன் ஜெயிலில் இருக்கும் வரை வீட்டில் சம்பாத்தியம் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. தண்டனை முடிந்து வெளியே வருகிறான். ஜெயிலுக்குப் போனவன் என்று வேலை கொடுக்க யாரும் இல்லை. மறுபடியும் குடிக்கிறான். மறுபடியும் பிடிக்கிறார்கள்.

செக்கு மாடு சுற்றுவது போல ஒரே சுற்று. சுற்றுகிறவனுக்கும் லாபம் இல்லை. ஊருக்கும் லாபம் இல்லை.

இந்தச் சுற்றை எங்கேயாவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும் என்று அகஸ்டசுக்குத் தோன்றியது.

அடையாளம் தெரியவில்லை

முதல் கதைக்குத் திரும்புவோம்.

ஜாமீனில் வந்த அந்த மனிதன், மதுவைத் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டான். மூன்று வாரம் ஓடியது. வாய்தா நாள் வந்தது. அகஸ்டஸ் அவனைத் தம்முடன் கோர்ட்டுக்கு அழைத்து வந்தார்.

கோர்ட்டில் இருந்தவர்களுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. யாரையும் ஒரு பார்வையில் எடைபோடும் போலீஸ் அதிகாரிகளே திகைத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூண்டில் நடுங்கிக்கொண்டு நின்றவன் இவன்தானா என்று வியந்தார்கள்.

மூன்று வாரமும் அவன் எப்படி நடந்துகொண்டான் என்பதை அகஸ்டஸ் எடுத்துச் சொன்னார். நீதிபதிக்கு மகிழ்ச்சி. ஜெயில் தண்டனை கொடுக்கவில்லை. அபராதம் மட்டும் போட்டார். எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு சென்ட். கோர்ட்டுச் செலவையும் சேர்த்து மொத்தம் 3 டாலர் 76 சென்ட். அந்தப் பணம் அங்கேயே கட்டப்பட்டது.

அந்த மனிதன் அதன் பிறகும் குடிக்கவில்லை. ஒழுங்காக வேலை செய்து பிழைத்தான்.

அந்த மூன்று வார காலத்துக்கு அகஸ்டஸ் கொடுத்த பெயர் புரோபேஷன். சோதித்துப் பார்ப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது அது. ஒருவன் திருந்துவானா என்று வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும் காலம். நாம் இதை நன்னடத்தைக் காலம் என்கிறோம்.

கையெழுத்தின் விலை

ஜாமீன் நிற்பது என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் நின்று நிலத்தை இழந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு.

கோர்ட்டு ஜாமீனும் அப்படித்தான். குறித்த நாளில் அந்த ஆள் வராமல் ஓடிவிட்டால், ஜாமீன் நின்றவர் பணம் கட்ட வேண்டும். சொந்த அண்ணன் தம்பிக்கே பலர் தயங்குவார்கள். அகஸ்டஸ் முன்பின் தெரியாத குடிகாரனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஒருவனை உடனே தண்டிக்காமல் வெளியே விடுவது அந்தக் கோர்ட்டுகளுக்குப் புதிது அல்ல. 1830-ம் ஆண்டிலேயே அதே பாஸ்டனில் ஒரு நீதிபதி, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்குத் தண்டனை சொல்லாமல், நல்லபடி நடக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பி இருக்கிறார்.

ஆனால் அப்படி அனுப்பினால், அனுப்பியதோடு சரி. வெளியே போனவன் எங்கே தங்குவான், என்ன சாப்பிடுவான், யாரோடு சேருவான் என்று கேட்க ஆள் இல்லை.

அகஸ்டஸ் சேர்த்தது அந்த ஓர் ஆளைத்தான். கோர்ட்டு வாசலைத் தாண்டியதும் குற்றவாளியோடு கூடவே நடக்க ஓர் ஆள். அந்த ஆள் அவரே.

எல்லோருக்கும் அல்ல

கேட்டவர்களுக்கு எல்லாம் அவர் ஜாமீன் நிற்கவில்லை. அவர் இளகிய மனம் படைத்தவர். ஆனால் ஏமாளி அல்ல.

ஜாமீன் கொடுக்கும் முன்பு அவர் மூன்று விஷயங்களை விசாரிப்பார். இந்த ஆள் இதற்கு முன்பு எப்படிப்பட்டவன்? இவன் வயது என்ன? வெளியே போனால் இவனைச் சுற்றி இருக்கப் போகிறவர்கள் யார்?

பெரும்பாலும் முதல் தடவை குற்றம் செய்தவர்களையே எடுத்துக்கொண்டார். மனம் கெட்டுப்போகாதவர்களை, திருந்துவார்கள் என்ற நம்பிக்கை தருகிறவர்களைத் தேர்ந்தெடுத்தார்.

ஜாமீனில் எடுத்த பிறகு வேலை ஆரம்பம். சிறுவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். பெரியவர்களுக்கு வேலை தேடுவார். வீடு இல்லாதவர்களுக்குத் தங்க இடம் பார்ப்பார். இடம் கிடைக்காவிட்டால் தம் வீட்டுக்கே அழைத்துப் போவார்.

ஒவ்வொருவரையும் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். கோர்ட்டு கேட்டபோதெல்லாம், பாரபட்சம் இல்லாமல் நடந்ததை நடந்தபடி சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். இதனால்தான் நீதிபதிகள் அவரை நம்பினார்கள்.

எட்டு வயதுக் குற்றவாளி

முதலில் அவர் ஆண்களுக்கு மட்டும்தான் உதவினார். அதுவும் குடித்துப் பிடிபட்டவர்களுக்கு மட்டும். விரைவில் பெண்களுக்கும் உதவத் தொடங்கினார். வேறு குற்றங்களில் சிக்கியவர்களுக்கும் கை கொடுத்தார்.

1843-ல் மூன்று குழந்தைகள் அவர் பொறுப்பில் வந்தார்கள். இரண்டு சிறுமிகள், ஒரு சிறுவன். சிறுமிகளுக்கு வயது எட்டும் பத்தும். சிறுவனுக்குப் பதினொன்று. மூவர் மேலும் திருட்டுக் குற்றம்.

எட்டு வயதுப் பெண் குழந்தை கோர்ட்டில் நின்றாள்! அன்று குழந்தைகளுக்கு என்று தனிக் கோர்ட்டு கிடையாது. பெரியவர்களை விசாரித்த இடத்திலேதான் அவர்களையும் விசாரித்தார்கள்.

1846-க்குள் சுமார் 30 குழந்தைகள் அவர் கண்காணிப்பில் இருந்தார்கள். ஒன்பது வயது முதல் பதினாறு வயது வரை உள்ளவர்கள்.

1847-ல் நடந்த ஒரு காட்சியைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு 19 சிறுவர்களுக்கு அவர் ஜாமீன் நின்றார். எல்லோரும் ஏழு வயது முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். வழக்கை உடனே முடிக்காமல், சில மாதங்களுக்குத் தள்ளிப்போட நீதிபதி ஒப்புக்கொண்டார்.

மாதா மாதம் வழக்குப் பட்டியலைக் கூப்பிடுவார்கள். அகஸ்டஸ் போய் நிற்பார். பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்வார். வழக்கு அடுத்த மாதத்துக்குப் போகும். இப்படி ஐந்து ஆறு மாதம் நடந்தது.

தவணை முடிந்ததும், 12 சிறுவர்களை ஒரே நேரத்தில் கோர்ட்டுக்கு அழைத்து வந்தார். முதல் நாள் கூண்டில் நின்றபோது இருந்த தோற்றம் வேறு. இப்போது வந்து நின்ற தோற்றம் வேறு. நீதிபதி மனம் மகிழ்ந்தார். சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று பாராட்டினார்.

ஆனாலும் சட்டப்படி ஏதாவது தண்டனை கொடுத்தாக வேண்டும். ஆளுக்குப் பத்து சென்ட் அபராதம் போட்டார். அந்தப் பத்து சென்டையும் கட்ட முடியாத ஏழைகள் அவர்களில் ஏழு பேர். ஏழு பேருக்கும் அகஸ்டசே பணம் கட்டினார்.

யாருக்கு நஷ்டம்?

இவ்வளவு நல்ல காரியம் செய்தவரை ஊரே கொண்டாடி இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை.

அவருக்கு எதிரிகள் முளைத்தார்கள். அதுவும் கோர்ட்டுக்கு உள்ளேயே முளைத்தார்கள்.

காரணம் சில்லறைக் காசு. ஒரு கைதியைத் திருத்தச் சிறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்த அதிகாரிக்கு ஒரு கட்டணம் கிடைக்கும். ஆளுக்கு 75 சென்ட் வரை வரும். ஜாமீனில் விட்டுவிட்டால் அந்தக் காசு கிடையாது.

ஆக, அகஸ்டஸ் ஒருவரைக் காப்பாற்றும் ஒவ்வொரு தடவையும், இன்னொருவர் பையில் ஓட்டை விழுந்தது. சில அதிகாரிகள் அவரை விரோதியாகவே பார்த்தார்கள்.

வெளியிலும் குறை சொன்னார்கள். குற்றவாளிகளுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்றார்கள் சிலர். தண்டனைப் பயம் போய்விட்டால் குற்றம் பெருகும் என்றார்கள் சிலர். இதில் அவருக்கு ஏதோ லாபம் இருக்க வேண்டும் என்றும் பேசினார்கள்.

அவருக்கு என்ன லாபம் கிடைத்தது என்று பார்ப்போம்.

கடை படுத்தது

கோர்ட்டு காலையில் கூடும். கடையும் காலையில்தான் திறக்க வேண்டும். ஒரே மனிதன் இரண்டு இடத்தில் எப்படி இருக்க முடியும்?

அகஸ்டஸ் கோர்ட்டில் இருந்தார். ஜெயிலுக்குப் போனார். வேலை கேட்டு முதலாளிகள் வீட்டுக்கு நடந்தார். ஜாமீனில் எடுத்தவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்தார். தோலும் ஊசியும் கடையில் கிடந்தன.

தொழில் தேய்ந்தது. சில ஆண்டுகளில் கடையை அறவே விட்டுவிட்டு முழு நேரமும் இதே வேலையாக இறங்கினார்.

கோர்ட்டு அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சர்க்கார் உத்தியோகமும் இல்லை. அவரை நம்பிய சிலர் அவ்வப்போது நன்கொடை கொடுத்தார்கள். அந்தப் பணம் அபராதம் கட்டவும், துணிமணி வாங்கவும், சோறு போடவும் சரியாகப் போயிற்று.

அவருடைய குடும்பத்தாரையும் இங்கே நினைக்க வேண்டும். ஜாமீனில் வந்தவர்களில் போக்கிடம் இல்லாதவர்கள் அந்த வீட்டில்தான் தங்கினார்கள். நேற்று லாக்கப்பில் இருந்த பெண், இன்று அவர்கள் வீட்டு அடுப்படியில் இருப்பாள். வருமானம் குறைந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஆள் கூடியது.

1852-ல் அவர் பத்து ஆண்டு வேலையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வரவு செலவையும், ஜாமீன் கணக்கையும் எழுதினார். தம் மேல் கூறப்பட்ட பழிக்கு அதுவே பதில்.

குற்றவாளியைத் திருத்துவதும், குற்றம் நடக்காமல் தடுப்பதுமே சட்டத்தின் நோக்கம். பழி வாங்குவது சட்டத்தின் வேலை அல்ல என்பது அந்தப் புத்தகத்தில் அவர் சொன்ன கருத்து.

கணக்குப் புத்தகம் சொல்வது

1841 முதல் 1858 வரை ஜான் அகஸ்டஸ் ஜாமீன் நின்றவர்கள் மொத்தம் 1,946 பேர். அவர்களில் ஆண்கள் 1,152. பெண்கள் 794.

ஜாமீன் தொகையை எல்லாம் கூட்டினால் இரண்டு லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கும் மேல் வருகிறது. கையில் காசு இல்லாத ஒரு செருப்புத் தொழிலாளியின் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு!

வாக்குத் தவறி, ஜாமீன் தொகை பறிபோகும்படி செய்தவர்கள் பத்துப் பேர் என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அதற்காக, மற்ற எல்லோரும் உத்தமர்களாகிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கோர்ட்டுக்கு ஒழுங்காக வருவது வேறு. ஆயுள் முழுவதும் ஒழுங்காக வாழ்வது வேறு. அவர் தேடித் தேடி எடுத்தவர்கள் திருந்தக் கூடியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் ஒன்று நிச்சயம். இவர்களை வெளியே விட்டால் ஓடிவிடுவார்கள் என்ற பேச்சு பொய்யாயிற்று. அவர்கள் ஓடவில்லை. தங்களுக்காக ஒருவர் தம் பெயரை அடகு வைத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கண் மூடினார்

1859-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி, ஜான் அகஸ்டஸ் பாஸ்டன் நகரில் காலமானார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். பதினெட்டு ஆண்டுகள் இந்தப் பணியைச் செய்திருந்தார். சொத்துச் சேர்த்து வைக்கவில்லை.

அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. சிறைக் கைதிகளுக்குப் போதனை செய்யும் பாதிரியாரும் வேறு சிலரும், அவர் வழியிலேயே கோர்ட்டில் ஜாமீன் நின்றார்கள்.

அவர் இறந்து 19 ஆண்டு சென்றது. 1878-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. இந்த வேலைக்கு என்று பாஸ்டன் நகரில் சம்பளத்தோடு ஓர் அதிகாரியை நியமிக்கலாம் என்பது சட்டம். அந்த உத்தியோகத்துக்குப் புரோபேஷன் ஆபீசர் என்று பெயர்.

முதல் புரோபேஷன் ஆபீசராக வந்தவர் யார் தெரியுமா? எட்வர்டு சாவேஜ். அவர் பாஸ்டன் நகரத்துப் போலீஸ் தலைவராக இருந்தவர்! அகஸ்டசைக் கண்டு கோர்ட்டு அதிகாரிகள் முகம் சுளித்த அதே ஊரில், போலீஸ் தலைவராக இருந்தவரே அகஸ்டஸ் செய்த வேலைக்கு வந்தார்.

1891-ல் அந்த மாநிலத்துக் கீழ்க் கோர்ட்டுகள் இத்தகைய அதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1925-ல் அமெரிக்க மத்திய கோர்ட்டுகளுக்கும் இந்த முறை வந்தது.

கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் இதே போன்ற ஒரு வேலை தனியாகத் தொடங்கி இருந்தது. 1876-ல் பிரெடரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளி, கோர்ட்டுக்கு வரும் குடிகாரர்களைக் காப்பாற்ற ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பினார். அதிலிருந்து வளர்ந்தது, 1907-ல் இங்கிலாந்து பார்லிமெண்டில் சட்டமாயிற்று.

அங்கே ஒரு செருப்புத் தொழிலாளி. இங்கே ஓர் அச்சுத் தொழிலாளி. சட்டம் படித்தவர்களுக்கு முன்பே உழைத்துப் பிழைத்தவர்களுக்கு இந்த வழி தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில்

நம் ஊர் கோர்ட்டுகளுக்கும் இது புதிது அல்ல. சென்னை மாகாணத்தில், சுதந்திரம் வருவதற்கு முன்பே, 1936-ம் ஆண்டுச் சட்டம் என்ற பெயரில் நன்னடத்தைச் சட்டம் வந்தது. பிறகு 1958-ல் இந்தியா முழுவதற்கும் பொதுவாக ஒரு சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது.

அந்தச் சட்டம் சொல்வது என்ன?

சிறிய குற்றத்தை முதல் தடவையாகச் செய்தவரை, கோர்ட்டு எச்சரித்து அனுப்பிவிடலாம். அதற்கு மேற்பட்ட குற்றமானால், நல்லபடி நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். இந்தக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தூக்குத் தண்டனை அல்லது ஆயுள் தண்டனை கொடுக்கக் கூடிய பெரிய குற்றங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

21 வயது ஆகாதவர்களைப் பற்றிச் சட்டம் தனியாகக் கவலைப்படுகிறது. அவர்களை ஜெயிலுக்கு அனுப்புவதானால், ஏன் அனுப்புகிறோம் என்ற காரணத்தை நீதிபதி எழுதி வைக்க வேண்டும்.

வாக்கை மீறி நடந்தால் என்ன ஆகும்? கோர்ட்டு திரும்ப அழைக்கும். முதலில் நிறுத்தி வைத்த தண்டனையைக் கொடுக்கலாம். ஆகவே இது மன்னிப்பு அல்ல. தலைக்கு மேல் தண்டனை தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தச் சட்டத்தில் நன்னடத்தை அதிகாரி என்று ஒருவர் வருகிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்ப நிலையையும் சுற்றுப்புறத்தையும் விசாரித்துக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டியவர் அவர். வெளியே வந்தவரைக் கண்காணிக்க வேண்டியவர் அவர். புத்தி சொல்ல வேண்டியவரும், தேவைப்பட்டால் வேலை தேடிக் கொடுக்க முயல வேண்டியவரும் அவரே.

இந்தப் பட்டியலை எங்கோ கேட்டது போல இருக்கிறது அல்லவா? ஆம். முன்னே எப்படிப்பட்டவன், வயது என்ன, சுற்றி இருப்பவர்கள் யார் என்று பாஸ்டன் கோர்ட்டில் அகஸ்டஸ் கேட்ட கேள்விகள்தான் இவை. வேலையும் அவர் செய்த வேலைதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. சட்டம் வந்த பிறகு அந்த அதிகாரிக்குச் சம்பளம் உண்டு, அலுவலகம் உண்டு, அரசாங்க முத்திரை உண்டு. அகஸ்டசிடம் இருந்தது அவருடைய வாக்கு ஒன்றுதான்.

வாசலில் நிற்பவர்

நம் தெருவிலும் இத்தகையவர்கள் இருக்கிறார்கள். ஏதோ ஒரு கெட்ட நேரத்தில் தவறு செய்த பையன். கோர்ட்டு அவனை நம்பி வெளியே விட்டிருக்கும். ஆனால் தெரு அவனை நம்பாது. கடைக்காரர் வேலை கொடுக்க மாட்டார். பக்கத்து வீட்டார் பேச மாட்டார்கள். பழைய கூட்டாளிகள் மட்டும் வாசலில் வந்து நிற்பார்கள்.

அந்த இடத்தில் பழைய கூட்டாளிக்கு முன்னால் போய் நிற்க இன்னொருவர் வேண்டும். அதிகாரியாக இருக்கலாம். மாமாவாக இருக்கலாம். வாத்தியாராக இருக்கலாம். வேலை கொடுக்கும் ஒரு பட்டறை முதலாளியாக இருக்கலாம். சட்டம் கதவைத் திறந்துவிடும். கூட நடப்பதற்கு மனிதன்தான் வேண்டும்.

1841-ல் அகஸ்டஸ் காப்பாற்றிய அந்த முதல் மனிதனின் பெயரை அவர் தம் புத்தகத்தில் வெளியிடவில்லை. அவன் கந்தலோடு வந்தான், நல்ல மனிதனாகத் திரும்பிப் போனான், உழைத்துப் பிழைத்தான். அவ்வளவுதான் அவனைப் பற்றி எழுதி வைத்தார்.

அவன் ஜெயிலுக்குப் போயிருந்தால், ஜெயில் பதிவேட்டில் அவன் பெயர் ஏறியிருக்கும்.